கெட்டுப்போன ஃப்ளாஸ்க்க கொட்டாதீங்க: பசங்களுக்கு பாசி நோய் பாக்க கத்துக்குடுக்கற முழு வழிகாட்டி

ஒவ்வொரு டிசம்பரும் இதே கதைதான். எம்எஸ்சி கடைசி செமஸ்டர் பசங்க ஃபைல தூக்கிட்டு லேப் வாசல்ல வந்து நிப்பாங்க, "மேம், கடல்பாசில ஆன்டிபாக்டீரியல் ஆக்டிவிட்டி பண்ணலாமா மேம்?"னு கேப்பாங்க. பாசிய காய வச்சு, பொடி பண்ணி, மெத்தனால்ல ஊற வச்சு, ப்ளேட்ல போட்டு, சுத்தி எத்தன மில்லிமீட்டர் க்ளியரா இருக்குன்னு ஸ்கேல் வச்சு அளந்துட்டு நேரா பைண்டிங்குக்கு போயிடலாம். தப்புன்னு சொல்லல, நானும் அத பண்ணிதான் வந்தேன். ஆனா பாசி பாக்டீரியாவ கொல்லுமான்னு இத்தன பேர் கேக்கறாங்களே, பாசிய எது கொல்லுதுன்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி. பாசிக்கும் நோய் வரும்னு சொன்னாலே பாதி பேர் சிரிப்பாங்க.

நான் படிக்கும்போது செனடெஸ்மஸ்னு ஒரு பச்சை நுண்பாசிய ஃப்ளாஸ்க்ல கல்ச்சரா வளத்து வச்சிருந்தேன். பதினோரு வாரமா நல்லா பச்சையா இருந்தது, ஒரு திங்கக்கிழமை வந்து பாத்தா அடில பழுப்பா கட்டி கட்டியா உக்காந்திருக்கு, மேல தண்ணி தெளிஞ்சு போச்சு. அப்போ எனக்கு மேல இருந்தவர் எட்டிப் பாத்துட்டு "கன்டாமினேட் ஆயிடுச்சு, கொட்டிடு"ன்னு ஒரே வார்த்தை. கொட்டிட்டேன். ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடுல வச்சு பாக்கணும்னு எனக்கும் தோணல, அவருக்கும் தோணல. அது என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பல வருஷம் கழிச்சு செனடெஸ்மஸ் உள்ள புகுந்து அத தின்னுட்டு வர்ற அஃபெலிட்னு ஒரு ஒட்டுண்ணியோட படம் பாத்தேன், அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதனால இந்த வழிகாட்டி, கைக்கு கீழ ரெண்டு மூணு பசங்கள வச்சு பழக்கறவங்களுக்கு. புரொஃபசரா இருக்கணும்னு இல்ல, பிஎச்டி ரெண்டாவது வருஷத்துல இருக்கற சீனியர் அக்கா, சீனியர் அண்ணனுக்கும்தான். ஆறு மாசம் கணக்கு வச்சு எழுதறேன், நாலு மாசம்தான் இருக்குன்னா கடைசில சொல்ற டிஎன்ஏ வேலைய வெட்டுங்க, முதல் மாசத்த மட்டும் தயவுசெஞ்சு வெட்டாதீங்க.

ஸ்டெப் 1: முதல் நாலு வாரம் நோய்ங்கற வார்த்தையே கூடாது

நோயாளிய பாத்து டாக்டராக முடியாது, முதல்ல நல்லா இருக்கறவன் எப்படி இருப்பான்னு தெரியணும். பசங்க பண்ற பெரிய தப்பு இதுதான். டயாட்டம்ல (கண்ணாடி ஓடு போட்ட நுண்பாசி) எண்ணெய் உருண்டை இருந்தா ஒட்டுண்ணின்னு சொல்லுவாங்க, ஊடோகோனியத்துல முட்டை இருந்தா கட்டின்னு சொல்லுவாங்க, ஸ்பைரோகைரா ரெண்டு இழை பக்கத்துல பக்கத்துல வந்து பாலம் போட்டு சேர்ந்தா ஏதோ பூஞ்சை புடிச்சிருக்குன்னு ஓடி வருவாங்க. அது கல்யாணம்டா, நோய் இல்ல.

அதனால முதல் நாலு வாரம் தினம் ரெண்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப், பென்சில், வெள்ளைத்தாள், அவ்ளோதான். மொபைல்ல போட்டோ எடுக்க விடாதீங்க. எடுத்தா பாக்க மாட்டாங்க, வரைஞ்சாதான் பாப்பாங்க. ஸ்பைரோகைராவ வரையச் சொல்லுங்க, பச்சை ரிப்பன் எத்தன சுத்து சுத்துது, வலமா இடமா, நியூக்ளியஸ் எங்க தொங்குது, ரிப்பன் மேல மணி மணியா என்ன இருக்குன்னு கேளுங்க. முதல் நாள் வர்ற படம் பாம்பு மாதிரி இருக்கும். பத்தாவது நாள் அதே பொண்ணு "மேம், இந்த செல்லுல மட்டும் ரிப்பன் சுருங்கி சுவத்த விட்டு வந்திருக்கு"ன்னு அவளா சொல்லுவா. அந்த நாள்தான் ட்ரெயினிங் ஆரம்பிக்குது.

பாசிக்கு எங்கயும் தேடிப் போக வேணாம். ஹாஸ்டல் மாடில வழியற டேங்க், ஏசி தண்ணி சொட்டற செவுரு, கோயில் குளம் (கோயில் ஆபீஸ்ல கேட்டுட்டு எடுங்க, செருப்ப கழட்டிட்டு போங்க), காலேஜ் கார்டன் தொட்டி. இந்த ஊர்ல உக்காந்துட்டு பாசி கிடைக்கலன்னு சொன்னா எம்.ஓ.பி. அய்யங்கார் ஆத்மா மன்னிக்காது. 1886ல இதே மெட்ராஸ்ல பொறந்தவர், இந்தியாவுல பாசி படிப்புக்கே அப்பான்னு சொல்லுவாங்க. ஈர மண்ணுல வளர்ற ஒரு குட்டிப் பாசிய பாத்து அது மத்த பாசி மாதிரி இல்லன்னு கண்டுபுடிச்சு 1932ல தன் வாத்தியார் ஃப்ரிட்ச் பேர வச்சு ஃப்ரிட்சியெல்லான்னு பேர் குடுத்தார். மண்ணுக்கு கீழ ஒரு பாகம், மேல ஒரு பாகம்னு செடி மாதிரியே நிக்கும் அது. அவர்கிட்ட படிச்சு வந்த தேசிகாச்சாரி 1959ல நீலப்பச்சைப் பாசிக்கு எழுதின பெரிய புக்கு இன்னைக்கும் நம்ம ஊர் லேப்ல அட்டை கிழிஞ்சு, ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸா சுத்திட்டு இருக்கு. இதெல்லாம் நம்ம ஊர் ஆளுங்க பண்ணின சமாச்சாரம்னு பசங்களுக்கு சொல்லுங்க, வேற எங்கயோ நடந்த கதைன்னு நெனச்சிட்டு இருக்காங்க.

ஸ்டெப் 2: சாம்பிள் எடுக்கறது

கடல்பாசிக்குன்னா மாமல்லபுரம் பக்கம் பாறைங்க, கோயில ஒட்டி இல்ல, கொஞ்சம் தள்ளி. இல்லன்னா ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடலரிப்புக்கு கொட்டின கல்லு. பின்தண்ணிக்கு முட்டுக்காடு, கொஞ்சம் தூரம் போக முடியும்னா பழவேற்காடு. எப்ப போகணும்னா நாள்காட்டிய கிழிச்சு அமாவாசை பௌர்ணமி பாருங்க, அந்த ரெண்டு மூணு நாள்லதான் தண்ணி நல்லா இறங்கும். சென்னையில ஏத்த இறக்கமே ஒரு மீட்டர் சுத்திதான், சாதா நாள்ல போனா ஒன்னும் தெரியாது, அலைதான் அடிக்கும். அலை அடிக்கற பாறை மேல முடி மாதிரி பச்சையா கொத்து கொத்தா நிக்கறது கீட்டோமார்ஃபா. அதோட செல்லு அவ்ளோ பெருசு, கை லென்ஸ் வச்சாலே மணி கோத்த மாதிரி தெரியும். முதல் தடவ வர்ற பசங்களுக்கு இத காட்டுங்க, மயங்கிடுவாங்க.

தனியா யாரையும் அனுப்பாதீங்க. பாறை வழுக்கும், அதுவும் பாசி புடிச்ச பாறை. கூவம், அடையாறு முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய்ன்னு போனா க்ளவுஸ், பூட்ஸ் கட்டாயம், கையில வெட்டு இருந்தா அன்னைக்கு லீவு, எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்ல.

ஒவ்வொரு எடத்துலயும் மூணு பாட்டில். ஒன்னு உயிரோட, பாதிதான் ரொப்பணும், மூடிய லூசா விடணும். ஒன்னுல செல்ல கெடாம வைக்கற லூகால் அயோடின், லைட் டீ கலர் வர்ற வரைக்கும் சொட்டு சொட்டா. மூணாவது எத்தனால்ல, பின்னாடி டிஎன்ஏவுக்கு. ஃபார்மலின வீட்டுலயே விட்டுட்டு வாங்க, அதுல போட்டா டிஎன்ஏ வேலைக்கு ஆகாது, கண்ணும் எரியும். லேபிள் மேட்டர் ஒன்னு இருக்கு. மார்க்கர்ல பாட்டில் மேல எழுதினா எத்தனால் ஒரு சொட்டு பட்டா போதும், எழுத்து போயிடும். ட்ரேஸிங் பேப்பர்ல பென்சில்ல எழுதி பாட்டிலுக்கு உள்ளயே போடுங்க. ஒரு வருஷம் பதினெட்டு பாட்டிலும் அழிஞ்சு எது முட்டுக்காடு எது கோவளம்னு தெரியாம ஒரு பையன் அழுதான், அன்னைலேர்ந்து இது சட்டம்.

உயிரோட இருக்கற பாட்டில ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, நம்ம ஊர் பாசிக்கு அந்த குளிர் ஆகாது. தெர்மாகோல் பெட்டி, ஈர நியூஸ்பேப்பர், அவ்ளோதான். ஈசிஆர் ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துல உள்ள ஆக்சிஜன் தீந்து, அழுகி, லேபுக்கு வரும்போது நாத்தம்தான் வரும், அப்புறம் அத நோய்ன்னு எழுதுவாங்க. காலைல அஞ்சு மணிக்கு கெளம்புங்க.

தண்ணியோட சூடு, உப்பு, பிஎச் அங்கயே அளந்து நோட்டுல எழுதணும், அப்புறம் பாத்துக்கலாம்னா நடக்காது. அதோட கடைசி பத்து நாள் மழை பெஞ்சுதான்னும் எழுதணும். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஒரு நல்ல மழைக்கே முட்டுக்காட்டுல உப்பு சர்ருனு இறங்கும், பாதி பாசி வெளுத்துப் போறது அதனாலதான்.

ஸ்டெப் 3: கல்ச்சர் வளக்கறது, அதாவது ஒரு பொருள ரெண்டு எடத்துல வைக்கறது

நல்ல தண்ணிப் பாசிக்கு பிஜி 11, கடல் நுண்பாசிக்கு எஃப்/2, இந்த ரெண்டு மீடியா (பாசி வளர்ற சத்துத் தண்ணி) போதும் ஆரம்பத்துக்கு. ரெசிபி எல்லா எடத்துலயும் கிடைக்கும், அத இங்க எழுதி எடத்த அடைக்கல. எழுதாத விஷயம்தான் முக்கியம். மெட்ரோ வாட்டர்ல மீடியா போடாதீங்க, க்ளோரின் இருக்கும், டிஸ்டில்ட் வாட்டர்தான். கடல் தண்ணிய கரைலேர்ந்து மொண்டு வராதீங்க, மணலும் சாக்கடையும் கலந்து இருக்கும், போட்ல போற மீனவர் அண்ணன் யார்கிட்டயாவது ரெண்டு கேன் குடுத்து வெளிய போகும்போது மொண்டு வரச் சொல்லுங்க, டீக்காசு குடுத்துடுங்க. அந்த தண்ணிய இருட்டுல ரெண்டு வாரம் ஊற வச்சு, அப்புறம் ஃபில்டர் பண்ணி, அப்புறம் ஆட்டோகிளேவ், அதாவது பிரஷர் நீராவில அவிச்சு கிருமிய கொல்றது. சத்து உப்பெல்லாம் முன்னாடியே போட்டு ஆட்டோகிளேவ் பண்ணினா அடில வெள்ளையா படிஞ்சிடும், ஆறினப்புறம் தனித்தனியா ஃபில்டர் பண்ணி சேருங்க. வைட்டமின் கண்டிப்பா கடைசில. டயாட்டம்னா சிலிகேட் போட மறக்காதீங்க, கண்ணாடி வீடு கட்டறவனுக்கு மணல் குடுக்காம வளரலன்னு சொன்னா எப்படி?

பிரிக்கறதுக்கு மூணு வழி, ப்ளேட்ல ஸ்ட்ரீக் பண்றது, பத்து பத்தா டைல்யூட் பண்ணிட்டே போறது, கண்ணாடி பிப்பெட்ட தீயில இழுத்து முடி மாதிரி பண்ணி ஒத்த செல்ல உறிஞ்சறது. மூணாவதுதான் கஷ்டம், மூணாவதுதான் நல்லது. ஒத்த செல்ல சுத்தமான மீடியா சொட்டுல விட்டு, மறுபடி உறிஞ்சி, அடுத்த சொட்டுல விட்டுன்னு எட்டு பத்து தடவ கழுவணும். முதல் வாரம் ஒருத்தருக்கும் வராது, கை நடுங்கும். விடாதீங்க. கோலம் போடற கை இருக்கற பொண்ணுங்களுக்கு சீக்கிரம் வருதுன்னு நான் ஒரு தியரி வச்சிருக்கேன், ஆதாரம் எதுவும் இல்ல.

இப்ப மெயின் விஷயம். ஒவ்வொரு கல்ச்சரையும் ரெண்டு செட்டா வைங்க. ஏ செட் ஒரு ரூம்ல, பி செட் இன்னொரு ரூம்ல, ஒரே நாள்ல ஒரே ஆள் ரெண்டையும் தொடக் கூடாது. நோய் வேலை பண்ற எடத்துக்கு ஏ செட் மட்டும்தான் வரும். ஆஸ்பத்திரி டியூட்டி முடிச்சிட்டு வந்து குளிக்காம குழந்தைய தூக்குவோமா, அதே மாதிரிதான். மே மாசம் மத்தியானம் கரன்ட் போய் ஏசி நின்னு கல்ச்சர் ரூம் அடுப்பா மாறும்போது இந்த ரெண்டாவது செட் எதுக்குன்னு தானா புரியும்.

எண்ண கத்துக்குடுங்க. ஹீமோசைட்டோமீட்டர்ல (செல் எண்ற கட்டம் போட்ட ஸ்லைடு) நடுக் கட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர், ஆழம் 0.1 மில்லிமீட்டர், அதுல வர்ற எண்ணிக்கைய 10,000 ஆல பெருக்கினா ஒரு மில்லில எத்தன செல்லுன்னு வரும். ரெண்டு பசங்க தனித்தனியா எண்ணி ஒரே நம்பர் கிட்டத்தட்ட வர்ற வரைக்கும் அடுத்த ஸ்டெப்புக்கு போகாதீங்க.

ஸ்டெப் 4: இப்பதான் நோய்

அஞ்சாவது ஆறாவது வாரத்துல ஏதோ ஒரு ஃப்ளாஸ்க் தானா கெட்டுப்போகும், வேண்டிக்க வேணாம், நடக்கும். அன்னைக்குதான் பாடம். யாரும் கொட்டக் கூடாது, மூடிய திறக்கக் கூடாது, முதல்ல வெளிலேர்ந்து பாத்து எழுதணும். நிறம் எப்படி மாறிச்சு, முழுசாவா திட்டு திட்டாவா, அடில உக்காந்துச்சா மேல மிதக்குதா, நுரை இருக்கா, பக்கத்து ஃப்ளாஸ்க் எப்படி இருக்கு, கடைசியா யார் தொட்டது.

அப்புறம் ஸ்லைடு. பசங்களுக்கு நான் குடுக்கற முதல் கேள்வி "இது பசியா, நோயா?" நைட்ரஜன் தீந்துபோன பாசியும் மஞ்சளாகும், ஆனா அது எல்லா செல்லும் ஒரே மாதிரி மெதுவா மஞ்சளாகும். கொஞ்சம் நைட்ரேட் போட்டு பாத்தா ரெண்டு மூணு நாள்ல பச்சை திரும்பும். நோய்னா ஒரு செல் நல்லா இருக்கும், பக்கத்து செல் காலியா கூடா கிடக்கும். இந்த ஏற்றத்தாழ்வுதான் அடையாளம்.

அடுத்தது யார் குற்றவாளின்னு பாக்கறது.

கிட்ரிட், அதாவது ஒத்த வால் பூஞ்சை. டயாட்டம் மேல சின்ன கண்ணாடி உருண்டை ஒட்டிக்கிட்டு இருக்கும், பனித்துளி மாதிரி. ஃபோகஸ மெதுவா கீழ இறக்கினா அதுலேர்ந்து ஒரு நூல் வேர் உள்ள போயிருக்கும், அந்த எடத்துல மட்டும் டயாட்டமோட பொன்னிறம் சுருண்டு பழுப்பாயிருக்கும். கொஞ்ச நேரம் கண்ண எடுக்காம பாத்தீங்கன்னா அதிர்ஷ்டம் இருந்தா உருண்டை திறந்து உள்ள இருந்து குட்டி குட்டியா வெளிய வரும், ஒவ்வொன்னுக்கும் பின்னாடி ஒரு வால், நடுவுல ஒரு பளபளன்னு எண்ணெய்ச் சொட்டு. நேரா நீந்தாது, தத்தித் தத்தி போகும், நிக்கும், மறுபடி தத்தும். ஒரு தடவ இத நேர்ல பாத்தவங்க அப்புறம் மறக்கவே மாட்டாங்க. இங்கிலாந்துல ஏரிங்கள்ல நட்சத்திரம் மாதிரி இருக்கற ஆஸ்டிரியோனெல்லா டயாட்டம் பெருகி வரும்போது இந்த கிட்ரிட் வந்து குறைக்குதுன்னு ஹில்டா கான்டரும் ஜான் லண்டும் 1940கள்லயே எண்ணி எண்ணி காட்டினாங்க. எண்ணறதுதான் அவங்க பலம், பெரிய மெஷின் இல்ல.

கால்கோஃப்ளோர் வைட்னு ஒரு சாயம் இருக்கு, ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்புல யூவி போட்டா கிட்ரிட் ஓடு நீலமா ஜொலிக்கும். ஆனா ஒரு பள்ளம் இருக்கு இதுல, அது பூஞ்சை சுவர்ல இருக்கற கைட்டின மட்டும் இல்ல, செல்லுலோஸையும் புடிக்கும், பச்சைப் பாசியோட சுவரே ஜொலிக்கும். டயாட்டம் ஓடு சிலிகா, அதனால அங்க சுத்தமா தெரியும். பச்சைப் பாசில ஜொலிச்சத வச்சு எல்லாமே பூஞ்சைன்னு எழுதி ஒரு ரிப்போர்ட் வந்தது என்கிட்ட, திருப்பி அனுப்பிட்டேன்.

ஊமைசீட்ஸ். பாத்தா பூஞ்சை மாதிரி இருக்கும், பூஞ்சை இல்ல. உருளைக்கிழங்க அழிச்சு அயர்லாந்துல பஞ்சத்த கொண்டு வந்ததே, அந்த குடும்பம். இதுல வேடிக்கை என்னன்னா பூஞ்சைய விட பழுப்புப் பாசிக்குதான் இது நெருங்கின சொந்தம், பங்காளியே வந்து தின்னற கதை. யூரிகாஸ்மான்னு ஒன்னு எக்டோகார்பஸ்ங்கற பழுப்புப் பாசியோட செல்லுக்குள்ள போய் அத பலூன் மாதிரி ஊத வைக்கும். ஜப்பான், கொரியாவுல சாப்புடற நோரிப் பாசிக்கு சிவப்பழுகல் வர்றது பித்தியம்ங்கற ஊமைசீட்டால, ஒல்பிடியாப்சிஸ்னு இன்னொன்னும் உண்டு.

பாக்டீரியாவுல குளோரெல்லா வெளில ஒட்டிக்கிட்டு உறிஞ்சற ஒன்னுக்கு வாம்பைரோவைப்ரியோன்னே பேர் வச்சிருக்காங்க. வைரஸ் கண்ணுக்கு தெரியாது, அதுக்கு ட்ரிக் இருக்கு. செத்த கல்ச்சர ஃபில்டர் பண்ணி அந்த தண்ணிய நல்ல கல்ச்சர்ல ஒரு சொட்டு விடுங்க, அது செத்தா அதுலேர்ந்து எடுத்து அடுத்ததுல ஒரு சொட்டு, இப்படி நாலஞ்சு தடவ. விஷமா இருந்தா டைல்யூட் ஆகி ஆகி வேகம் போயிடும், வைரஸ்னா பெருகிட்டே வந்து கடைசி ஃப்ளாஸ்க்கையும் அதே வேகத்துல கொல்லும். 0.2 மைக்ரான் ஃபில்டர் மட்டும் வச்சா பாசியோட பெரிய வைரஸ் சிலது அதுலயே மாட்டிக்கும், குளோரெல்லா வைரஸே கிட்டத்தட்ட 0.19 மைக்ரான். அதனால 0.45ம் ஒன்னு கூட வைங்க, ஆனா அதுல பொடி பாக்டீரியா தப்பிச்சு வரும், ரெண்டையும் ஒப்பிட்டு பாக்கணும்.

இது எதுவும் இல்லாம ரோட்டிஃபர், அமீபா, சிலியேட்டுன்னு மேயறவங்களும் இருப்பாங்க. வயித்துக்குள்ள பச்சை தெரிஞ்சா கேஸ் முடிஞ்சது. 2019 ஆகஸ்ட்ல திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் அலை நீலமா ஒளிர்ந்துச்சே, ஊரே போய் செல்ஃபி எடுத்துச்சே, அந்த நாக்டிலூக்காவும் மத்த நுண்பாசிய முழுங்கற ஆள்தான்.

ஸ்டெப் 5: பாத்தது வேற, நிரூபிக்கறது வேற

செத்த பாசி பக்கத்துல ஒரு பாக்டீரியா இருந்துச்சுன்னா அதுதான் கொன்னுச்சுன்னு அர்த்தம் இல்ல, சாவு வீட்டுல இருக்கறவன் எல்லாம் கொலைகாரனா? காக் சொன்ன நாலு விதிய பத்தாவதுலேர்ந்து மனப்பாடம் பண்ணி வந்திருப்பாங்க, செஞ்சு பாத்திருக்க மாட்டாங்க. நோயுள்ளதுல அது இருக்கணும், தனியா பிரிக்கணும், நல்லதுல போட்டா அதே நோய் வரணும், அதுலேர்ந்து மறுபடி அதையே பிரிக்கணும். நம்ம ஆளுங்க ரெண்டாவதுலயே மாட்டிப்பாங்க, ஏன்னா இந்த ஒட்டுண்ணிங்க நெறைய பேர் தனியா வளர மாட்டாங்க, பாசி இருந்தாதான் உயிர். அப்போ பாசியோடயே சேத்து இரட்டைக் கல்ச்சரா வச்சு, அந்த பாசிய மட்டும் பி செட்லேர்ந்து புதுசு புதுசா குடுத்துட்டே இருக்கணும்.

சோதனைக்கு குறைஞ்சது ஒன்பது ஃப்ளாஸ்க். மூணுல ஒட்டுண்ணி, மூணுல அதே ஒட்டுண்ணிய கொதிக்க வச்சது, மூணுல வெறும் மீடியா. ஃப்ளாஸ்க் மேல நம்பர் மட்டும், எது எதுன்னு தெரியற சீட்டு உங்க ட்ராயர்ல. எண்ணற பையனுக்கு தெரியக் கூடாது, தெரிஞ்சா மனசு எண்ணும், கண்ணு எண்ணாது.

ஸ்டெப் 6: ஒரு தடவயாவது ராமேஸ்வரம் பக்கத்துல இருக்கற மண்டபம் ஊருக்கு கூட்டிட்டு போங்க

சென்னையில ராமேஸ்வரம் ட்ரெய்ன் புடிச்சா காலைல மண்டபம். ஃப்ளாஸ்க்ல நோய் பாத்த பசங்க கடல்ல நோய் பாக்கணும்.

அங்க வளக்கறது கப்பாஃபைகஸ்னு ஒரு கடல்பாசி, ஊர்ல கேட்டா பெப்சி பாசின்னுதான் சொல்லுவாங்க, அந்த கம்பெனி மூலமா பரவினதால அந்த பேரே நெலச்சு போச்சு. மூணு மீட்டருக்கு மூணு மீட்டர் மூங்கில் மிதவை, கயிறுல துண்டு துண்டா கட்டி விட்டு 45 நாள் கழிச்சு அறுப்பாங்க. 1990கள்ல சிஎஸ்எம்சிஆர்ஐ (மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபம் ஸ்டேஷன்ல சோதனை பண்ணி வந்தது. எல்லாமே ஒடிச்சு ஒடிச்சு நட்டதுதான், கரும்புக் கரணை மாதிரி, அதனால எல்லாம் ஒரே குணம், ஒன்னு தாங்காத சூட்ட எதுவும் தாங்காது. 2013 வாக்குல அப்படித்தான் கொத்து கொத்தா செத்து, அதுக்கப்புறம் விளைச்சல் பழைய அளவுக்கு ஏறல. ராமநாதபுரத்துல 127 கோடி ரூபாய்ல கடல்பாசி பூங்கா வருதுன்னு 2023ல அடிக்கல் நாட்டினாங்க, பூங்கா வந்தா நோய் பாக்க ஆள் வேணுமா வேணாமா, இத பசங்ககிட்ட சொல்லுங்க, வேலை கிடைக்குமா மேம்னு கேக்கறதுக்கு அதான் பதில்.

ஐஸ்-ஐஸ்னு ஒரு நோய், 1974ல பிலிப்பைன்ஸ்ல முதல்ல கவனிச்சது. கிளை நடுவுல ஒரு எடம் நிறம் போய் ஐஸ் மாதிரி வெள்ளையா, கொழகொழன்னு ஆகி அங்கயே ஒடிஞ்சு விழும். விப்ரியோ மாதிரி பாக்டீரியாவும் இருக்கும், ஆனா முதல்ல தண்ணி சூடாகியோ உப்பு குறைஞ்சோ பாசி தளர்ந்திருக்கும். தளர்ந்தவன்மேலதான் எல்லாரும் ஏறுவாங்க.

போன தடவ போனப்போ மிதவை வச்சிருக்கற ஒரு அக்காகிட்ட என் ஸ்டூடன்ட் கேள்வித்தாள எடுத்து வரிசையா கேட்டுட்டு இருந்தா, டெம்பரேச்சர் என்ன, சலைனிட்டி என்னன்னு. அந்த அக்கா பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாம் எனக்கு தெரியாதும்மா. காத்து செத்து, தண்ணி ஆடாம எண்ணெ மாதிரி கெடந்தா மூணா நாளு வெளுக்கும். முதல்ல கரைப்பக்கம் உள்ள மிதவைதான்"னாங்க. தண்ணில போட்டு தானா அளந்து பதியற எங்க லாகர் கருவில இருந்த டேட்டாவ அப்புறம் பாத்தா அதே கதைதான், அவங்க ஒரு வரில சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து கேள்வித்தாள பைக்குள்ள வச்சுட்டு முதல்ல பேச்ச கேளுங்கன்னு சொல்லிடறேன். அக்கான்னு கூப்புடுங்க, வேலை நேரத்துல போய் நிக்காதீங்க, கூட சேந்து நாலு கயிறாவது கட்டிக் குடுங்க.

அங்கேர்ந்து உயிரோட பாசிய ஆசைக்கு எடுத்துட்டு வந்து நம்ம கடல்ல விட்டுடாதீங்க. இதே கப்பாஃபைகஸ் தப்பிச்சுப் போய் குருசடைத் தீவு பவளம் மேல படர்ந்து மூடின கதை இருக்கு. லேப்ல நோய் தொட்ட எந்த தண்ணியும் சிங்க்ல போகக் கூடாது, ஆட்டோகிளேவ் பண்ணி அப்புறம்தான் ஊத்தணும். மேல கொட்டாதீங்கன்னு சொன்னது பாக்காம கொட்டாதீங்கன்னு, இது அவிக்காம கொட்டாதீங்கன்னு, ரெண்டும் வேற வேற.

ஸ்டெப் 7: டிஎன்ஏ

இத சுருக்கமா முடிச்சிடறேன், ஏன்னா எல்லாரும் இதுலதான் ஆரம்பிக்க ஆசைப்படறாங்க. கடல்பாசில சர்க்கரைப் பசை அதிகம், சாதா கிட்ல போட்டா டிஎன்ஏ எடத்துல ஜெல்லி வரும், பிசிஆர் (டிஎன்ஏவ நகல் எடுத்து பெருக்கறது) ஓடாது. அந்த பசைய பிரிக்கற சிடிஏபி முறைல பண்ணுங்க, எத்தனால் பாட்டில்லேர்ந்தோ சிலிகா ஜெல்ல காய வச்ச துண்டுலேர்ந்தோ எடுங்க, கம்மியா எடுங்க. பாசிக்கு ஆர்பிசிஎல், பச்சைப் பாசிக்கு டஃப்-ஏ, ஒட்டுண்ணிக்கு 18எஸ், இந்த ஜீன்கள்ல ஆரம்பிங்க. சீக்வென்ஸ டேட்டாபேஸோட ஒப்பிடற ப்ளாஸ்ட்ல முதல் வரில வந்த பேர அப்படியே தீசிஸ்ல எழுதற பழக்கத்த முளையிலயே கிள்ளுங்க. 92 சதவீதம் மேட்ச் ஆனா அது அந்த ஜீவன் இல்ல, அதுக்கு தூரத்து சொந்தம், ஒருவேளை யாருமே இதுவரைக்கும் பேர் வைக்காத ஒன்னா கூட இருக்கலாம். கூடவே அந்த செல்லோட போட்டோ, ஸ்கேல் பாரோட, இல்லன்னா அந்த சீக்வென்ஸுக்கு மதிப்பு இல்ல.

ஸ்டெப் 8: அடுத்து எங்க அனுப்பறது

நல்லா வந்த ஐசோலேட்ட (தனியா பிரிச்சு வளத்தத) லேப் ரேக்கோட விட்டுடாதீங்க, நீங்க ரிட்டயர் ஆனா அடுத்த வாரமே ரேக் காலி. கடல் நீலப்பச்சைப் பாசின்னா திருச்சி பாரதிதாசன் யூனிவர்சிட்டில அதுக்குன்னே சேமிப்பு மையம் இருக்கு, கேளுங்க.

மேல படிக்கறவங்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா 2023லேர்ந்து மாசம் 37,000 ரூபாய், வீட்டுல "இன்னும் படிப்பா"ன்னு கேக்கறவங்க வாய அடைக்க அது போதும். வெளிநாடுன்னா ஐரோப்பிய யூனியன் பணம் குடுக்கற மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் பாக்கச் சொல்லுங்க, எந்த நாட்டுக்காரங்களும் போடலாம், ஆனா சேரப்போற நாட்டுல கடைசி 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. ஸ்காட்லாந்து ஓபன்ல பாசி கல்ச்சர் சேமிப்பும் பாசி நோய் ஆளுங்களும் ஒரே எடத்துல இருக்காங்க, பிரான்ஸ் ரோஸ்காஃப்ல இருக்கற கடல் ஆய்வு நிலையத்துலேர்ந்துதான் 2010ல எக்டோகார்பஸ் ஜீனோம் வந்தது. மெயில் அனுப்பும்போது "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிச்சு மார்க் ஷீட்ட வைக்கறத விட, முட்டுக்காட்டுல எடுத்த ஒரு ஒட்டுண்ணியோட நல்ல படமும் மூணு வரியும் வச்சா திறந்து பாப்பாங்க. படம்தான் அனுப்பணும், பாசிய இல்ல. சாம்பிள் வெளிய போகணும்னா 2002 உயிரியல் பன்மைச் சட்டம் இருக்கு, அனுமதி தர்ற ஆணையம் நம்ம தரமணிலதான் உக்காந்திருக்கு, பஸ்ல போய் கேட்டுட்டு வரலாம், கேக்காம கூரியர் பண்ணிடாதீங்க.

அப்புறம் டிசம்பர்ல பசங்க வராங்கன்னா நவம்பர் கடைசில மழை விட்ட நாளா பாத்து அந்த ரெண்டு கேன் கடல் தண்ணிய சொல்லி வச்சிடுங்க. இருட்டுல ரெண்டு வாரம் ஊறணும்னு சொன்னேன்ல, பசங்க வந்தப்புறம் சொன்னா அந்த ரெண்டு வாரமும் மொபைல நோண்டிட்டு உக்காந்திருப்பாங்க.